என் கூரை அவர்களுக்குத் தரை

2023 ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, கீழ்வீட்டு லாத்தா என்னைக் கூப்பிட்டுத் தன் அடுப்படியைக் காட்டினார். அரிசி மூட்டைமேல் ஒரு காங்கிரீட் பாளம் கிடந்தது. சின்ன முறம் அளவு இருக்கும், கனம் ஒரு விரற்கடை. அண்ணாந்து பார்த்தேன். தளத்துக் கம்பிகள் மீன் முள்ளைப்போல வரிசையாக வெளியே தெரிந்தன. துரு ஏறித் தடித்து, விரலால் தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தன.

"அஞ்சு நிமிஷத்துக்கு முந்தி இங்கதான் டீச்சர் நின்னு அரிசி அளந்தேன்" என்றார் லாத்தா. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருடைய அந்தக் கூரைதான் என் வீட்டுத் தரை. பாளம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே என் குளியலறை.

எங்களுடையது ராமேஸ்வரத்துக்கு முந்தின கடலோர ஊரான மண்டபத்தில் தரைத்தளம் சேர்த்து மூன்று அடுக்குக் கட்டடம். அடுக்குக்கு நான்காகப் பன்னிரண்டு வீடுகள். 1999-ல் கட்டியது. பள்ளிக்கூட வேலையில் இருந்தபோது கடன் போட்டு வாங்கினேன். ஓய்வு பெற்றதும் 'டீச்சர் கணக்கு நல்லா வச்சுக்குவாங்க' என்று சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் தமிழ் டீச்சர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. சங்கம் என்றால் பெரிதாக ஒன்றும் கிடையாது. மோட்டார் கரண்ட் பில், செப்டிக் டேங்க் செலவு, பொங்கலுக்கு முன்னால் படிக்கட்டுக்கு ஒரு வெள்ளையடிப்பு, அவ்வளவுதான்.

மண்டபத்தில் இருப்பவர்களுக்குக் கடல் இரண்டு பக்கமும் உண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஆடியில் தென்கடல் காற்று, ஐப்பசி கார்த்திகையில் வாடை. வருடம் முழுக்க ஏதாவது ஒரு கடல் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் செயின், மிக்ஸிக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூ, எதுவும் தப்பாது. கடல் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆராய, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தன் ஆய்வுக்கூடம் ஒன்றை மண்டபம் முகாமில்தான் வைத்திருக்கிறது. இரும்பு சீக்கிரம் கெட்டுப்போகும் ஊர் எது என்று தேடினால் நம் ஊர்தான் கிடைக்கும் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதே ஊரில் கம்பி போட்ட வீடு வாங்கி வைத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதனால் எங்கே என்ன உதிர்ந்தாலும் எங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. "உப்புக் காத்து, என்ன செய்ய முடியும்?" இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே ஐந்தாறு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

முதலில் உதிர ஆரம்பித்தது 2018 வாக்கில், தெற்குப் பார்த்த பால்கனிகளில். அவரவர் வீட்டில் உதிர்ந்ததை அவரவர் சரிசெய்துகொள்வது என்பது எழுதாத சட்டம். கொத்தனார் வருவார். உதிர்ந்த இடத்தைக் கொஞ்சம் தட்டிவிட்டு, கம்பிமேல் சிமெண்ட் பாலைத் தெளித்து, மேலே கலவையைப் பூசிவிட்டு, ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு போவார். வெள்ளையடித்துவிட்டால் இடமே தெரியாது. ஒன்றரை வருடத்தில் அந்தப் பூச்சு அப்படியே பாளமாக விழும். அல்லது பூச்சு நிற்கும், அதைச் சுற்றி வளையம்போலப் புதிதாக வெடிக்கும். என் பால்கனியில் இரண்டாவது நடந்தது. கொத்தனாரை நன்றாகத் திட்டினேன். அவர்மேல் முழுத் தப்பும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

லாத்தா வீட்டில் பாளம் விழுந்த பிறகு, பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரை ராமநாதபுரத்திலிருந்து கூட்டி வந்தோம். அவர் உதிர்ந்த இடத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். "விழுந்தது விழுந்துடுச்சு. இனிமே விழப்போறதைத் தேடுவோம்" என்று பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல காங்கிரீட் 'டங்' என்று வெண்கலப் பாத்திரம் மாதிரிப் பதில் சொல்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து, மேல்தோல் விட்டுப்போயிருந்தால், காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டியதுபோல 'பொக்' என்று கேட்கிறது. இதற்குப் படிப்பு ஒன்றும் வேண்டாம், காது போதும் என்று சொல்லிச் சுத்தியலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் எதிர்வீட்டு பிளஸ் டூ பெண்ணும் நான்கு நாள் தட்டினோம். பொக்கென்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம். ஒவ்வொரு வட்டத்தையும் கிராஃப் நோட்டில் அந்தந்த வீட்டுப் படத்தில் குறித்துக்கொண்டோம். முதல் நாள் தலையில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு போனேன். மடத்தனம். ஒரு சில்லு தோளில் விழுந்த பிறகு மகனுடைய பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியை இறக்கிவிட்டால் கண்ணுக்கும் காவல். எல்லாம் முடித்து எண்ணிப் பார்த்தால் 138 வட்டங்கள். அதில் வெளியே உதிர்ந்து கண்ணுக்குத் தெரிந்தவை 17 மட்டும்தான். மற்ற எல்லாம் வெள்ளையடித்து அழகாக இருந்த இடங்கள்.

அடுத்த தடவை பொறியாளர் ஒரு சின்னப் பாட்டிலில் பினாப்தலீன் திரவம் கொண்டுவந்தார். தளத்தில் புதிதாக ஒரு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் தெளித்தார். உட்பக்கம் பளிச்சென்று ரோஜா நிறத்தில் சிவந்தது. அடிப்பக்கம் கொஞ்ச தூரத்துக்கு நிறம் மாறவே இல்லை. நான் விழித்ததைப் பார்த்து, "ஆரத்தி மாதிரிதான் டீச்சர். மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதுல்ல, அது சுண்ணாம்புல இருக்கிற காரம். சிமெண்ட்லயும் காரம் இருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். புதுக் காங்கிரீட்டுக்குள் காரம் மிக அதிகம், பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பிமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு துருவைத் தடுக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காரத்தைத் தின்றுவிடும். நிறம் மாறாத இடம் அப்படிக் காரம் போன இடம். ஆனால் எங்கள் தளத்தில் ரோஜா நிறமாகச் சிவந்த பகுதியில் இருந்த கம்பியும் துருப்பிடித்திருந்தது. அதைக் காட்டி, "அப்ப இது காத்து வேலை மட்டும் இல்ல, உப்பு வேலை" என்றார். உப்பில் இருக்கும் குளோரைடுக்குக் காரம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நேராகப் போய்ப் படலத்தில் ஓட்டை போட்டுவிடும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். காங்கிரீட்டுக்குள் ஏது இடம்? அடியில் இருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும். லாத்தாவின் அரிசி மூட்டைமேல் விழுந்தது அப்படித் தள்ளப்பட்டதுதான்.

சரி, உப்பு எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து என்று நாங்கள் கோரஸாகச் சொன்னோம். அவர் ஸ்கேலை வைத்துக் கம்பிக்கு அடியில் இருந்த காங்கிரீட்டை அளந்தார். கம்பியை மூடும் இந்தக் கனத்துக்குக் கவர் என்று பெயர், எங்களுடையது 12 மி.மீ. கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் காங்கிரீட் விதித்தொகுப்பின் 2000-ம் ஆண்டுப் பதிப்பு கேட்பது 45 மி.மீ. கவரும் எம்-30 என்ற வலிமைத் தரமும். எங்கள் கட்டடம் அதற்கு ஒரு வருடம் மூத்தது என்று ஒருவர் சமாதானம் சொன்னார். பழைய பதிப்பிலும் கடலோரத்தில் 12 மி.மீ.க்கு இடமில்லை. கம்பி கட்டும்போது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை அடியில் வைக்காமல் சென்ட்ரிங் பலகைமேலேயே படுக்கப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். 1999-ல் கட்டடத்தைப் பார்க்க வந்தபோது, வளாகத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தான், அதாவது போர் தண்ணீரில்தான், கலவை போட்டார்கள், அதையேதான் தளத்தில் பாத்தி கட்டி விட்டிருந்தார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதில் கை கழுவிவிட்டு முகத்தைச் சுளித்தேன். அந்த போர் தண்ணீரை இப்போது சோதனைக்குக் கொடுத்தோம். லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு அந்த விதித்தொகுப்பு அனுமதிப்பது 500.

அப்புறம் அவர் என் குளியலறையைப் பார்க்க வேண்டும் என்றார்.

எங்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குடிநீர். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அந்த போர் தண்ணீர். குளியலறைத் தரை ஓடுகளின் இடுக்குக் கலவை எப்போதோ போய்விட்டது. இருபத்து நான்கு வருடமாக நான் ஊற்றிய ஒவ்வொரு வாளியிலிருந்தும் கொஞ்சம் உப்புத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக லாத்தாவின் கூரைக்குள் இறங்கியிருக்கிறது. வட்டம் போட்ட கிராஃப் நோட்டை விரித்து வைத்துப் பார்த்தோம். கடலைப் பார்த்த பால்கனிகளில் எவ்வளவு வட்டமோ, கிட்டத்தட்ட அவ்வளவு வட்டம் கட்டடத்தின் நடுவில், காற்றே வராத குளியலறைகளுக்கு அடியிலும் இருந்தது. கடல்மேல் பழி போட்டுக்கொண்டே நாங்களே தினமும் உப்பு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நோட்டில் இன்னொரு விசித்திரம். இரண்டாம் மாடிக் கூரையில் தென்மேற்கு மூலையில் மட்டும் வட்டங்கள் திராட்சைக் குலைபோல நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தன. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். அந்த மூலை அப்பத்தாவுடையது. விசைப்படகு வைத்திருக்கும் தம்பியின் அம்மா அவர், எங்கள் எல்லோருக்குமே அப்பத்தாதான். நெத்திலியும் காரலும் உப்பில் போட்டு அங்கேதான் காயவைப்பார். பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு வரும். உப்பு நீர் வடிந்து வடிந்து அந்த மூலையில் தட்டோடு வெளுத்துப்போயிருந்தது.

பொறியாளர் கருவாட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அப்பத்தாவுக்குப் புரிந்துவிட்டது. "என் மாமியா காலத்துலேர்ந்து காயப்போடுறோம். எந்தக் கூரை விழுந்துச்சு?" என்று கேட்டார். அவர் மாமியார் காயப்போட்டது கடற்கரை மணலில், மணலுக்குள் கம்பி கிடையாது என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. எத்தனை வருடம் அந்த நெத்திலியைத் தின்றிருக்கிறோம்! கடைசியில் அவர் மகன்தான் இடுப்பளவு உயரத்தில் மூங்கில் பரண் கட்டி, அடியில் தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டி, வடிவதை வாளியில் விழ வைத்தார். "இப்ப குனிய வேண்டியதில்ல" என்று அப்பத்தா சமாதானமானார்.

காரணம் தெரிந்தது. பணம்? கூட்டம் போட்டோம். இரண்டாம் மாடித் தென்மேற்கு வீட்டு ரயில்வே அண்ணன் எழுந்து, "எங்க வீட்ல ஒரு பொட்டு உதிரல. நான் எதுக்குக் குடுக்கணும் டீச்சர்?" என்றார். கேள்வியில் தப்பு சொல்ல முடியாது, ஐந்து வருடம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். பொறியாளர் தரைத்தளத் தூண்களைக் காட்டினார். பதினாறில் ஆறு தூண்களில் கம்பி ஓடும் வழியே நெட்டுக்குத்தாக விரிசல். அந்தத் தூண்கள் கீழ்வீட்டுக்காரர்களுடையவை என்று யாராவது சொல்ல முடியுமா? பத்திரத்தில் எல்லோருக்கும் மனையில் பிரிக்கப்படாத பாகம் எழுதியிருக்கிறதே, தூணும் பீமும் தளமும் அந்தக் கணக்கில்தான் என்று முடிவு செய்தோம். குளியலறை ஒழுகலை அடைப்பதும், பெயிண்டும் அவரவர் செலவு. என் குளியலறைக்கு 46,000 ஆனது. லாத்தா வீட்டு அடுப்படிக்குப் பெயிண்டும் நானே அடித்துக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், கேட்கவில்லை.

ரயில்வே அண்ணன் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டில் உதிராததற்குக் காரணம், ஹாலில் கூரைக்கு அடியில் அழகாக அட்டைப் பொய்க்கூரை, அதாவது பால்ஸ் சீலிங், போட்டிருந்தார். நாங்கள் தட்டியது அந்த அட்டை இல்லாத அறைகளில் மட்டும். ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தோம். உதிர்ந்த காங்கிரீட் எல்லாம் சீலிங்மேலேயே குவிந்து கிடந்தது. அவர் தலைக்குமேல் இருந்தது அப்பத்தாவின் கருவாட்டு மூலை. அன்றைக்கே முதல் தவணை கொடுத்துவிட்டார். கடலோரத்தில் பால்ஸ் சீலிங் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் திறந்து பார்க்க ஒரு வழியாவது வையுங்கள்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. 2022-ல் நிறைவேறிய தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஆனால் சம்மதத்தால் வீடு எழும்பாது. சென்னையில் பில்டர் வந்து நின்று பேரம் பேசுவார். மண்டபத்தில் யார் வருவார்? அந்தப் பேச்சு ஒரு டீயோடு முடிந்தது.

தவணை மாதங்களைப் படகுத் தம்பி தீர்மானித்தார் என்றே சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். "தை, மாசி, பங்குனிக்குள்ள வாங்கிக்கங்க டீச்சர். சித்திரையில கேட்டா என்கிட்ட ஐஸுக்குக்கூடக் காசு இருக்காது." வேலைக்கும் அதுதான் சரியான காலம். வாடை மழை ஓய்ந்திருக்கும், ஆடிக் காற்று இன்னும் வந்திருக்காது. பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார். அவர்தான் பணம் தர மாட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவருடைய மச்சானிடம் சாவி வாங்கித் திறந்து, பால்கனி தொங்கிக்கொண்டிருந்ததை வீடியோ எடுத்து அனுப்பினோம். இரவே முழுப் பணமும் வந்துவிட்டது. பேசிப் பேசி ஓய்ந்ததைவிட ஒரு நிமிட வீடியோ நல்லது.

வேலையில் முதல் மூன்று மாதம் காங்கிரீட்டைத் தொடவே இல்லை. ஒழுகும் ஐந்து குளியலறைகளையும் பெயர்த்துச் சரிசெய்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் கட்டி வைத்து, கீழே ஈரம் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. பொறுமை இழந்தவர்கள் நிறைய. மேலிருந்து உப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழே எவ்வளவு விலை உயர்ந்த கலவை பூசினாலும் அது பெயிண்ட்தான்.

2024 பொங்கல் முடிந்து காண்ட்ராக்டர் வந்தார். குறைந்த ரேட் பார்த்து நாங்களே தேர்ந்தெடுத்தவர், மொத்தமாக இவ்வளவு என்று பேசிக்கொண்டவர். மூன்றாம் நாள் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஒரு பால்கனியை மூடிவிட்டார்கள். கம்பியின் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தில் துத்தநாக பிரைமர் அடித்து, மேலே கலவை. பொறியாளர் வந்து உடைக்கச் சொன்னார். கம்பியின் முதுகுப் பக்கம் துரு அப்படியே இருந்தது. "கம்பிக்குப் பின்னாடி விரல் போகணும். விரல் போகலன்னா கொத்தி முடிக்கலன்னு அர்த்தம்." இரண்டு, இரண்டரை சென்டிமீட்டராவது பின்னால் கொத்த வேண்டும். சண்டை வந்தது, முன்பணத்தில் நாற்பதாயிரம் போனது, அவரும் போனார். மொத்த ரேட் பேசியது எங்கள் தப்பு. மொத்த ரேட்டில் கொத்தக் கொத்த அவருக்கு நஷ்டம், பிறகு எப்படிக் கொத்துவார்? இரண்டாவது ஆளிடம் கொத்தி முடித்த பிறகு அளந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினோம். எதையும் மூடுவதற்கு முன் நான் பார்த்துப் படம் எடுத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. என் போனில் இன்னமும் பேரன் படத்தைவிடக் கம்பிப் படங்கள் அதிகம்.

கொத்தினால் வட்டம் பெரிதாகும் என்பதையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கணக்குப்படி 610 சதுர அடி. முடிந்தபோது 840. ஒன்பது லட்சத்துச் சொச்சம் என்று தொடங்கிய செலவு பன்னிரண்டு லட்சத்தில் நின்றது.

கொத்துவதற்கு முன் முட்டு. இதில் மேஸ்திரிகள் அலட்சியம் காட்டுவார்கள். ஒரு தூணைக் கொத்தும்போது அதில் உட்காரும் பீம்களுக்கு இரண்டு பக்கமும் ஜாக்கி நிறுத்த வேண்டும், அது முடிந்து பலம் பிடிக்கும்வரை பக்கத்துத் தூணைத் தொடக் கூடாது. முதல் மாடியில் ஜாக்கி வைத்தால், அதற்கு நேர் கீழே தரைத்தளத்திலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே நைந்த தளத்தின் தலையில் மேல் பாரத்தையும் ஏற்றுகிறோம். மொட்டை மாடியில் இருந்த ஆயிரம் லிட்டர் தொட்டிகள் இரண்டையும் வேலை முடியும்வரை காலி செய்து வைத்தோம், ஒவ்வொன்றிலும் ஒரு டன் தண்ணீர். லாத்தாவின் அடுப்படியில் மூன்று வாரம் நான்கு ஜாக்கிகள் நின்றன. அது நோன்பு மாதம். ஜாக்கிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நோன்புக் கஞ்சி காய்ச்சினார். மாலை நான்கு மணிக்கு மேல் கொத்துவதில்லை என்று வைத்துக்கொண்டோம். பிளஸ் டூ தேர்வும் அந்த மார்ச்சில்தான். தேர்வுக்கு முந்தின நாள்களில் எங்கள் பெண்ணுக்காகக் கொத்து மெஷினுக்கு விடுமுறை.

துருவைக் கம்பி பிரஷ்ஷும் மெஷினும் போட்டுச் சுரண்டிய பிறகு, பொறியாளர் வெர்னியர் என்ற அளவுகோலை வைத்துக் கம்பியின் கனத்தை அளந்தார். 10 மி.மீ. கம்பி 8 மி.மீ. இருந்தது. "ரெண்டு மில்லிதானே" என்றேன். அவர் நோட்டில் போட்டுக் காட்டினார். பத்தின் வர்க்கம் நூறு, எட்டின் வர்க்கம் அறுபத்து நான்கு. கம்பியின் பலத்தில் 36 விழுக்காடு போய்விட்டது. கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பியை, நல்ல கம்பிமேல் போதுமான நீளம் ஏறும்படிக் கட்ட வேண்டும். லாத்தா வீட்டில் அப்படி மூன்று கம்பி.

இப்போது கொத்தனாரைத் திட்டிய கதைக்கு வருகிறேன். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி வளையமாக வெடித்ததே, அது ஏன்? உப்பேறிய ஒரே கம்பியில் ஓரிடம் துருப்பிடிக்கும்போது, அந்த இடம் தன்னைக் கொடுத்துப் பக்கத்து இடத்தைக் காப்பாற்றுகிறது. துருப்பிடித்த இடத்தை மட்டும் நாம் சுத்தம் செய்து மூடிவிட்டால், இதுவரை தப்பித்திருந்த பக்கத்து இடம் அழியத் தொடங்கும். எனக்கு இது இரண்டு முறை சொல்லியும் ஏறவில்லை. படகுத் தம்பிக்கு ஒரே முறையில் புரிந்தது. "இரும்பு போட்டுக்கு அடியில துத்தநாகக் கட்டி வைக்கிறோம்ல, அது கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். அதேதான்." பொறியாளர் சிரித்தார். காங்கிரீட்டுக்கும் அதே வைத்தியம் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் துத்தநாக வில்லைகளை ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு கட்டி, உள்ளேயே வைத்து மூடிவிடுவது. விலை கூடுதல். தூண்களிலும் குளியலறைக்கு அடியிலும் மட்டும் வைத்தோம், பால்கனிகளுக்குக் கை வரவில்லை. ஆனால் வில்லை வைத்தாலும் வைக்காவிட்டாலும், பொக்கு தட்டிய இடத்தோடு நிறுத்தாமல் துரு இல்லாத கம்பி தெரியும்வரை கொத்திப் போக வேண்டும். அந்தக் கோடு பாதி என் கூரையில் ஓடும், பாதி பக்கத்து வீட்டுக் கூரையில் ஓடும். அவரவர் வீட்டை அவரவர் ஒட்டுப் போட்டது ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் தெளிந்தது.

மூடுகிற வேலை சுருக்கம். கொத்திய இடத்தின் விளிம்பை மெஷினால் நேராக வெட்ட வேண்டும், தோசை ஓரம் மாதிரி மெலிந்து முடியக் கூடாது. தளத்துக்குப் பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை, ஒரே அடியாக அப்பாமல் அடுக்கடுக்காக. தூண்களுக்குச் சுற்றிலும் பலகை அடித்து மைக்ரோ காங்கிரீட், அதாவது பொடி ஜல்லியோடு இளகி ஓடும் காங்கிரீட். மூட்டையில் எழுதிய அளவுக்குமேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. சித்தாள்கள் சேர்ப்பார்கள், குழைவாக வருமே. அளவுக் குவளையை நான் கையிலேயே வைத்திருந்தேன்.

நனைப்பதில்தான் கடைசிச் சண்டை. ஏழு நாள் சாக்கு போட்டு ஈரம் காக்க வேண்டும். "நனைக்கத்தானே, போர் தண்ணி போதும்" என்றார் மேஸ்திரி. இத்தனை லட்சம் செலவழித்து உப்பை வெளியேற்றிவிட்டு மறுபடி ஊற்றுவதா? லாரித் தண்ணீர் வாங்கினோம், அதையும் குளோரைடு சோதித்துவிட்டு. ஊரே குடத்தோடு காத்திருக்கும் பங்குனியில் நாங்கள் காங்கிரீட்டுக்கு நல்ல தண்ணீர் காட்டுகிறோம் என்று தெருவில் பேச்சு வந்தது. கேட்கச் சங்கடமாகத்தான் இருந்தது. குழாயைப் பிடித்து அடிக்காமல், சாக்கை முக்கிப் பிழிந்து போடச் சொன்னோம்.

வெளிப்புறத்துக்கு ஒரு பாதுகாப்புப் பூச்சும் அடித்து முடித்தோம். அப்போது எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பாம்பன் புதிய ரயில் பாலம் முடியும் தறுவாயில் தெரியும். அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத் தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்தார்கள். 1914-ன் பழைய பாலத்தைக் கடல் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் கட்டியது. எங்கள் வீடுகளைக் கட்டியவர்களுக்கும் அந்தப் பழைய பாலம் தினமும் கண்ணில் பட்டிருக்கும்.

2024 நவம்பர் 20 அன்று எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டியது, மண்டபத்திலும் கொட்டித் தீர்த்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். மதியம் நான் டார்ச்சோடு வீடு வீடாகக் கூரை பார்த்துக்கொண்டு போனேன். ரயில்வே அண்ணன் வீட்டு ஹாலில் ஓரிடத்தில் மட்டும் ஈரம், தட்டோட்டு இடுக்கு. மற்றபடி காய்ந்தே இருந்தது.

இப்போது மாதம் வீட்டுக்கு 300 ரூபாய் தனிக் கணக்கில் போடுகிறோம். தை பிறந்ததும் ஹெல்மெட்டும் சுத்தியலுமாக ஒரு சுற்று. 2025 தையில் மூன்று புது வட்டங்கள் கிடைத்தன. மூன்றும் பால்கனிகளில், வில்லை வைக்காத ஒட்டுகளை ஒட்டி. சின்னதாக இருக்கும்போதே பிடித்ததால் பதினான்காயிரத்தில் முடிந்தது, யாரிடமும் புதிதாகக் கை நீட்டவில்லை. லாத்தா வீட்டு அடுப்படிக் கூரையை மூலை மூலையாகத் தட்டினேன். எல்லாம் டங் டங் என்றுதான் கேட்டது. அவருக்கும் கேட்டது. ஆனாலும் அரிசி மூட்டையை அவர் இன்னும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை.